வெப்பக் கடலுக்குள் முதல் இரவு: கேள்வி பதில்

கடக ரேகை தாண்டி முதன்முறையாக ராத்திரிப் பயணம் போகிற பாய்மரப் படகுக்காரர்கள் கேட்டவை இவை.

எங்களுக்கு 85 கடல் மைல் தூரம். படகு சராசரியாக 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) ஓடும். எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

போய்ச் சேரும் நேரத்தை முதலில் முடிவு பண்ணிவிட்டு, பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 17 மணி நேர ஓட்டம். பவளப்பாறைக் கரையை நெருங்கும்போது வெயில் நன்றாக மேலேறி, உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல்திட்டு, பழுப்பு பாறை என்று கண்ணுக்குத் தெரியும். எதிர்வெயிலில் கடல் வெறும் வெள்ளித் தகடு. மேற்கே பார்த்து நுழைவதானால் காலை 10 மணி சரி. அதற்கு மாலை 5 மணிக்கு நங்கூரம் தூக்குங்கள். கிழக்கே பார்த்து நுழைவதானால் உச்சி தாண்டட்டும்.

காற்று தூக்கிவிட்டு 6.5 நாட் ஓடினால் விடியற்காலை 6 மணிக்கே வாசலில் நிற்பீர்கள். அவசரப்படாதீர்கள். பாயைக் குறையுங்கள், இல்லையென்றால் ஆழக்கடலில் காத்திருங்கள். ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் இடத்தைச் சரியாகச் சொல்லும். பழைய அளவீட்டை வைத்து வரைந்த வரைபடத்திலோ பாறையே சில நூறு மீட்டர் தள்ளி இருக்கலாம்.

எந்த மாதத்தில் போவது?

சூறாவளிப் பருவத்தைத் தவிருங்கள். வட அட்லாண்டிக்கில் அது ஜூன் முதல் நவம்பர் வரை. தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

நாங்கள் இரண்டே பேர். தூக்கம்?

மூன்று மணி நேரம் ஒருவர், அடுத்த மூன்று மணி நேரம் மற்றவர். தூக்கம் வராவிட்டாலும் படுத்துவிடுங்கள். காவலில் இருப்பவர் பாதுகாப்புக் கயிற்றை மாட்டியே இருக்க வேண்டும். மற்றவரை எழுப்பாமல் முன்பக்கம் போகக் கூடாது. இதில் மட்டும் நான் சமரசம் செய்வதில்லை. ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்ப மண்டலம்தானே என்று போனால் பனியில் நனைந்து நடுங்குவீர்கள்.

எதிரே வரும் கப்பல் நம்மேல் மோதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கப்பலின் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்தே தெரிந்தால் நேராக உங்களை நோக்கித்தான் வருகிறது. மற்றபடி திசைகாட்டியில் அந்த விளக்கின் திசையைக் குறித்து, சில நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். திசை மாறாமல் கிட்டே வந்துகொண்டிருந்தால் மோதல் பாதை. 20 நாட் கப்பலுக்குப் பத்து மைல் அரை மணி நேர வேலை. நான் ஒருமுறை அடிவானத்தில் செக்கச்செவேல் என்று ஒன்றைப் பார்த்து, கப்பல் எரிகிறது என்று தூங்கியவரை எழுப்பிவிட்டேன். மேலே வந்தவர் ஒரு நிமிடம் பார்த்தார். "நிலா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

இருட்டில் மழைச் சூறை வருவது தெரியுமா?

காற்று வரும் பக்கம் அடிவானத்து நட்சத்திரங்கள் காணாமல் போகும். பிறகு குளிர்ந்த காற்று முகத்தில் படும். அதற்குப் பின் உங்களுக்கு நேரமில்லை. ரேடார் இருந்தால் மழை திட்டாகத் தெரியும். இல்லாதவர்கள் பொழுது சாயும்போதே பாயைச் சுருக்கிவிடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

துருவ நட்சத்திரம் கண்ணில் படுமா?

படும், தாழ்வாக. அடிவானத்திலிருந்து அதன் உயரம் எத்தனை பாகையோ, ஏறக்குறைய அதுவே உங்கள் அட்சரேகை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் சுமார் 10 பாகை. கடக ரேகையில் இரண்டேகால் முஷ்டி. தெற்கே போகப் போக அது இறங்கும், தென்வானத்தில் சிலுவை போலத் தெரியும் திரிசங்கு ஏறும்.

படகுக்குப் பின்னால் தண்ணீர் பச்சையாக மின்னுகிறதாமே, பயப்படணுமா?

வேண்டாம். நுண்ணுயிர்கள், கலக்கினால் ஒளிரும். பயப்படுவதென்றால் பறவைக் கோலாவுக்கு, அதாவது பறக்கும் மீனுக்குப் பயப்படுங்கள். சுக்கான் பிடித்திருக்கையில் கன்னத்தில் ஈரமாக ஒரு அறை விழும், காலடியில் ஏதோ படபடவென்று துடிக்கும். விடிந்து பார்த்தால் சட்டைக் காலரில் செதில் ஒட்டியிருக்கும்.