வேகமாக ஓடிய முதல் பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஆறு வருடங்களாக ஜாஸ் இசைத்தட்டுகள் சேர்க்கிறேன். இப்போது 140 இருக்கின்றன (முப்பதுக்கு மேல் இன்னும் சீல் பிரிக்கவில்லை, நேரம் கிடைக்கவில்லை). ப்ளூ நோட் நிறுவனத்தின் 1957ஆம் வருடத்துத் தட்டு ஒன்று, முதல் அச்சு, வெளிநாட்டு வியாபாரியிடம் விலைக்கு வந்திருக்கிறது. லேபிளில் ‘47 வெஸ்ட் 63’ முகவரி, வளையமாக ஓடும் பள்ளம், உள்ளே காது முத்திரை எல்லாம் இருக்கின்றன. ஒன்றேகால் லட்சம் ரூபாய். அதன் புதிய மறுவெளியீடு நாலாயிரத்துக்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? மறுவெளியீடு என்ன இருந்தாலும் நகல்தானே? நடுவில் டிஜிட்டல் பட்டால் உயிர் போய்விடும் என்கிறார்களே? என் மனைவி எல்லாமே பைத்தியக்காரத்தனம் என்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் மனைவி சொல்வதைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. பணம் உங்களுடையது, சண்டையும் உங்கள் வீட்டுச் சண்டை. டிஜிட்டல் விஷயத்துக்கு ஒரு பத்தி போதும். மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், தன் மறுவெளியீடுகள் பலவற்றில் மூல நாடாவுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்ததை 2022இல் ஒப்புக்கொண்டது. 2011 முதலே அப்படித்தானாம். அதுவரை அந்தத் தட்டுகளைக் கேட்டு, கலப்படமில்லாத அனலாக் என்று உருகியவர்கள் ஏராளம். விஷயம் வெளிவந்த மறுநாள் அதே தட்டு அவர்களுக்குக் கசந்தது. காது ஒரே இரவில் மாறுமா என்ன?

ஆனால் அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைத்தீர்களே ஒரு வரி, அதை விடுவதாக இல்லை. முப்பதுக்கு மேல் சீல் பிரிக்கவில்லை! ஒரு தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் கிடைக்காத மனிதருக்கு, லேபிளில் எந்தத் தெரு முகவரி இருக்கிறது என்று ஆராய எத்தனை இரவுகள் கிடைத்தன? அந்தப் பள்ளம் அச்சு இயந்திரத்தின் வார்ப்பு பதித்த தடம். காது முத்திரை அச்சடித்த ஆலையின் அடையாளம். இரண்டிலும் ஊசி போகாது. நீங்கள் சேர்ப்பது தபால்தலை. அதில் தவறில்லை, தபால்தலை என்றே சொல்லிவிடுங்கள்.

சரி, கோபம் போதும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது ‘நகல்தானே’ என்ற சொல். பத்து நாளாக என் முதல் நாவலின் புதிய பதிப்புக்கு மெய்ப்பு பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் பதிப்பில் ஓரிடத்தில் இரண்டு பத்திகள் இடம் மாறி அச்சாகியிருந்தன. செத்துப்போனவர் அடுத்த பத்தியில் காப்பி குடிப்பார். அந்தப் பிரதியைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கும் ஒருவர் சென்ற மாதம் கையெழுத்துக்கு நீட்டினார். “ஒரிஜினல் சார்” என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நீங்கள் மூலம் என்று நினைக்கும் முதல் அச்சே நாடாவிலிருந்து நாலைந்து படி தள்ளிய நகல். நாடாவிலிருந்து அரக்குத் தட்டில் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக வார்ப்பு, வார்ப்பிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து அச்சு, அப்புறம்தான் உங்கள் கைக்கு வரும் தட்டு. வெட்டுகிறவர் அவர் காலத்து முடிவுகளை எடுக்கிறார். ப்ளூ நோட்டின் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். 1959 வரை நியூ ஜெர்சி ஹாக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் ப்ளூ நோட்டுக்குப் பதிவு செய்தார். உங்கள் ஒன்றேகால் லட்சமும் அந்த வரவேற்பறையில் பிறந்ததாகவே இருக்கும். தட்டையும் அவரே வெட்டினார். மந்த ஒலி தடிமனாக இருந்தால் தட்டைச் சுழற்றும் அன்றைய மலிவுப் பெட்டிகளில் ஊசி துள்ளிக் குதிக்கும். வெட்டுகிறவர்கள் அதைக் கொஞ்சம் அடக்கித்தான் வெட்ட வேண்டியிருந்தது. 2019இல் ப்ளூ நோட் தொடங்கிய டோன் போயட் என்ற மறுவெளியீட்டு வரிசைக்கு கெவின் கிரே மூல நாடாக்களிலிருந்தே வெட்டுகிறார். அவருக்கு அந்தப் பயம் கிடையாது. பழையது பழைய பதிப்பு, புதியது புதிய பதிப்பு. எந்த ஏட்டைப் பார்த்தார், யார் பதிப்பித்தார் என்று கேளுங்கள். சீவக சிந்தாமணிக்கு அப்படிக் கேட்போம், தட்டுக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வாசித்து, கொலம்பியா கம்பெனி வெளியிட்ட ‘கைன்ட் ஆஃப் ப்ளூ’ உங்களிடம் நிச்சயம் இருக்கும். 1959 மார்ச் 2இலும் ஏப்ரல் 22இலும் நியூயார்க் 30ஆவது தெருவில், தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் பதிவானது. மார்ச் மாதப் பதிவன்று பிரதான நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திருப்பி ஓட்டும்போது சுருதி ஏறிவிடும். அன்று பதிவான மூன்று உருப்படிகளும் தட்டின் முதல் பக்கம். ஆக, முதல் பக்கம் முழுக்க அசலைவிடக் கொஞ்சம் வேகம், கொஞ்சம் உயர்ந்த சுருதி. பக்கத்தில் பாதுகாப்புக்காக ஓடிய இன்னொரு இயந்திரம் சரியாக ஓடியது. அந்த நாடாவைக் கொண்டு திருத்தியது 1992இல். முப்பத்துமூன்று வருடம் உலகம் கேட்டது பிழையான பாடம்! போதாததற்கு, ஆரம்ப அச்சுகளில் இரண்டாம் பக்கத்து இரண்டு உருப்படிகளின் பெயர்கள் இடம் மாறியிருந்தன. என் நாவல் மாதிரியே. அந்தப் பிழைக்குத்தான் இன்று கூடுதல் விலை.

1980களின் நடுவில் பம்பாய் மஸகானில் ஒரு கோவாக்காரர் வீட்டில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். இளமையில் ஹோட்டல் பாண்டுகளில் ட்ரம்பெட், பிறகு இந்தி சினிமா ஆர்கெஸ்ட்ரா, பிறகு சின்தசைசர் வந்து வேலை போயிற்று. கப்பலில் வேலைபார்த்த மைத்துனர் கொண்டுவந்த இந்தத் தட்டை ஞாயிறு சாயங்காலம் போடுவார், கூடவே வாசிப்பார். ட்ரம்பெட்டில் சுருதி சேர்க்க ஒரு வளைந்த குழாய் உண்டு. உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், இழுத்தால் இறங்கும். முதல் பக்கத்துக்குக் குழாயை உள்ளே தள்ளுவார். இரண்டாம் பக்கத்துக்கு மறுபடி இழுப்பார். தள்ளும்போதெல்லாம் தன் பெட்டியைத் திட்டுவார்.

அவருடைய சித்தாந்தம் இது: மெஷின் குளிர்ச்சியாக இருக்கும்போது வேகமாக ஓடுகிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது. அதற்காக வேறு ஏதோ ஒரு தட்டை அரைமணி நேரம் வெறுமனே சுற்றவிட்டு, பிறகு இதைப் போட்டுப் பார்த்தார். அப்போதும் ஏறித்தான் இருந்தது. பழுதுபார்ப்பவரிடம் இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனோம். பெட்டியைச் சுமந்தது நான். பெல்ட்டை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார்கள். ஒருநாள் நான், “அங்கிள், தட்டிலேயே தப்பு இருந்தால்?” என்றேன். அவர் ட்ரம்பெட்டை மடியில் வைத்து என்னையே பார்த்தார். “கொலம்பியா கம்பெனிக்குத் தெரியாதது மஸகானில் இருக்கிற எனக்குத் தெரிந்துவிடுமா?” என்றார். அதன் பிறகு கொஞ்ச நாள் பெட்டியை விட்டுவிட்டுத் தன் காதைத் திட்டத் தொடங்கினார். வயதாகிவிட்டதாம்.

1989இல் இறந்துபோனார். வேகத்தைத் திருத்திய செய்தியை நான் பல வருடம் கழித்து ஒரு குறுந்தகட்டின் உள்புத்தகத்தில் படித்தேன். ரயிலில் போய்க்கொண்டிருந்தேன், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நின்றேன்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அயோக்கியத்தனம். என்னிடம் இருப்பது திருத்திய பதிப்பு. அதுதான் சரியான பாடம். முதல் பக்கம் தொடங்கும்போது எனக்கு அது தூக்கக் கலக்கத்தில் வாசிப்பதுபோல் கேட்கிறது. என் காது மஸகானில் பழகிய காது, என்ன செய்ய?

உங்கள் கேள்வி என்ன? ஆமாம், நாலாயிரம் ரூபாய்த் தட்டையே வாங்குங்கள். ஆனால் இப்போது வேண்டாம், இருக்கும் முப்பதையும் பிரித்த பிறகு. இறுகிய பிளாஸ்டிக் உறை நாள்பட்டால் தட்டை வளைத்துவிடும், அதையாவது நினைத்துப் பாருங்கள். அந்த முப்பதில் திருத்தாத ‘கைன்ட் ஆஃப் ப்ளூ’ ஏதாவது இருந்தால் எனக்குக் கூரியரில் அனுப்புங்கள். நானே பிரித்து, இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, திருப்பி அனுப்புகிறேன். கூரியர் செலவு என்னுடையது.