கல்யாணப் புடவைக்கும் அலங்காரத்துக்கும் பர்சனல் லோன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போக 34,000 ரூபாய் சம்பளம். சொந்த ஊர் திண்டுக்கல். வரும் தை மாதம் கல்யாணம், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மண்டபம், சாப்பாடு, நகை எல்லாம் அப்பா பார்த்துக்கொள்கிறார். என் துணிமணி, அலங்காரச் செலவை நானே ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சேமிப்பில் 2,20,000 ரூபாய் இருக்கிறது. ஆனால், கணக்குப் போட்டால் 4 லட்சம் வருகிறது: முகூர்த்தப் பட்டு 90,000, ரிசப்ஷன் லெஹங்கா 70,000, மேக்கப் 65,000, நான்கு ஆரி வேலை ப்ளவுஸ் 40,000, கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டுக்கு உடைகள் 40,000, ரிசப்ஷன் நகை செட் 30,000, நலங்குக்கும் மறுவீட்டுக்கும் புடவைகள் 25,000, மெஹந்தி, பூ, இதர செலவுகள் 40,000. வங்கி ஆப்பில் 15 சதவீத வட்டியில், 36 மாதத் தவணைக்கு 2 லட்சம் கடன் தயாராக இருப்பதாகக் காட்டுகிறது. அதை வாங்கிவிட்டு, மொய்ப் பணம் வந்ததும் அடைத்துவிடலாமா?

பதில்: அந்தக் கடன் வேண்டாம். மாதம் 6,933 ரூபாய் வீதம் மூன்று வருடம் கட்டினால் மொத்தம் சுமார் 2,49,600 ரூபாய் ஆகிறது. வட்டி மட்டும் ஏறக்குறைய 50,000. செயலாக்கக் கட்டணமும், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. உங்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, புதுக்குடித்தனம் தொடங்கும் முதல் மாதத்திலிருந்தே போய்க்கொண்டிருக்கும். வேலை மாறலாம், ஊர் மாறலாம், குழந்தை பிறக்கலாம். தவணை மட்டும் மாறாது.

மொய்யை நம்பி அடைக்கலாம் என்கிறீர்கள். இதில்தான் பல பெண்கள் ஏமாந்துபோகிறார்கள். மொய் நோட்டில் வரும் பெரும்பாலான பெயர்கள், உங்கள் அப்பாவும் அம்மாவும் இதுவரை செய்த முறைக்குத் திருப்பிச் செய்கிறவர்கள். புதிதாக எழுதுகிறவர்களுக்கு நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் அப்பாதான் செய்ய வேண்டும். வந்த பணம் சமையல்காரர் பாக்கிக்கும் மண்டப பாக்கிக்கும் அன்றைக்கே போய்விடும். உங்கள் நண்பர்கள் தருவது மட்டும்தான் உங்களுடையது. அது எவ்வளவு என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. தெரியாத தொகையை வைத்துக் கடன் வாங்கக் கூடாது.

கடன் இல்லாமல் இதை நடத்த முடியும். சேமிப்பில் 60,000 ரூபாயைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கல்யாணம் முடிந்த பிறகு உங்கள் பெயரில் உங்கள் கையில் இருக்க வேண்டிய பணம் அது. மீதி 1,60,000. இந்த ஐந்து மாதமும் மாதம் 12,000 ஒதுக்கினால் இன்னொரு 60,000 சேரும். அதை வங்கியிலேயே வையுங்கள். கடைகளின் சேமிப்புத் திட்டத்தில் கட்டும் முன்பணத்துக்கு, வங்கி டெபாசிட்டுக்கு இருப்பதுபோல் 5 லட்சம் வரையிலான காப்பீடு கிடையாது. ஆக, நீங்கள் செலவு செய்யக்கூடியது 2,20,000 ரூபாய்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். முதலில் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: முகூர்த்தப் புடவை எடுப்பது யார்? நம் ஊரில் பல சமூகங்களில் கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் சீர். உங்கள் வழக்கமும் அதுவானால் 90,000 ரூபாய்ச் செலவு பட்டியலிலிருந்து அப்படியே அடிபடும். அப்படியென்றால் கடைக்கு உங்களையும் அழைத்துப் போகச் சொல்லுங்கள், ப்ளவுஸ் துணியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். தட்டில் வைத்துக் கொடுத்த கூறையைக் கட்டிக்கொண்டு மணமேடைக்குத் திரும்ப உங்களுக்குக் கிடைப்பது கால் மணி நேரம்தான். தைத்த ப்ளவுஸ் தயாராக இல்லாவிட்டால் அங்கே எந்தப் பணமும் உதவாது.

நீங்களே எடுப்பதாக இருந்தால் 75,000 வரை தாராளமாகப் போங்கள். இந்தப் பட்டியலில் நான் மனதார ஆதரிக்கும் செலவு இது ஒன்றுதான். நல்ல காஞ்சிப் பட்டு பேத்தி காலம் வரை இருக்கும். ஆனால், கொடுக்கிற விலைக்கு உரிய சரக்கு கைக்கு வர வேண்டும். சில்க் மார்க் முத்திரை பட்டு நூலுக்குத்தான் சான்று, ஜரிகைக்குச் சான்று இல்லை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. புடவையின் உள்பக்கம் தொங்கும் ஒரு ஜரிகை இழையை மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். அசல் ஜரிகை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் அந்த விலை கொடுக்காதீர்கள். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியையொட்டி வழக்கமாக 30 சதவீதம் வரை தள்ளுபடி தருவார்கள். தை மாதக் கல்யாணத்துக்கு அது சரியான நேரம். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் ஆரி வேலை செய்பவர்கள் கையில் இடம் இருக்காது.

லெஹங்காவை வாடகைக்கு எடுங்கள். மூன்று மணி நேரம் மேடையில் நின்ற பிறகு அது பீரோவின் ஒரு தட்டை அடைத்துக்கொண்டு கிடக்கும். பட்டைப்போல் இன்னொரு கல்யாணத்துக்குக் கட்ட முடியாது. வரியையும் பாருங்கள்: தைத்த உடை 2,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், புடவைக்கு 5 சதவீதம். லெஹங்கா வாடகைக்கு 12,000, செட் நகை வாடகைக்கு 6,000 வைத்துக்கொள்ளுங்கள். முன்தொகை திரும்பி வரும் தேதியையும், கறை பட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ப்ளவுஸில் முகூர்த்தத்துக்கு மட்டும் ஆரி வேலை போதும். மாலை போட்டதும் முன்பக்க வேலை முழுக்க மறைந்துவிடும், ஆகவே கைக்கும் முதுகுக்கும் மட்டும் போடச் சொல்லுங்கள். மற்ற மூன்றும் நன்றாகப் பொருந்தும் சாதாரணத் தையல். நான்குக்கும் சேர்த்து 18,000. நலங்கு, மறுவீட்டுப் புடவைகளுக்கு 15,000. போட்டோஷூட்டுக்குப் புது உடை வேண்டவே வேண்டாம். இருக்கிற நல்ல புடவையில் எடுங்கள்.

மேக்கப்புக்கு 50,000. அட்வான்ஸ் பெரும்பாலும் திரும்பாது என்பதால், கொடுக்கும் முன் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்: தலை அலங்காரம், புடவை கட்டுவது, கூறை மாற்றும்போது கூட இருப்பது, ஒத்திகை, போக்குவரத்து, தங்கும் இடம். முகூர்த்தம் 4.30 முதல் 6-க்குள் என்றால் நள்ளிரவு தாண்டியதுமே உட்கார வேண்டியிருக்கும். சிலர் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மெஹந்தி, பூ, புடவைக் குச்சு, செருப்பு, ஊக்கு வரை 30,000. கூட்டினால் 2,06,000 வரும். மிச்சமுள்ள 14,000 ரூபாயைக் கல்யாண வாரம் வரை தொடாதீர்கள். பூவுக்கே அதில் ஒரு பகுதி போகலாம். தை மாதப் பனியில் மல்லிகை வரத்து குறைந்துவிடும், முகூர்த்த நாளில் கிலோ விலை ஆயிரங்களுக்குத் தாவும். நிலக்கோட்டை சந்தை உங்களுக்குப் பக்கம்தான். ஒரு வியாபாரியிடம் இரண்டு வாரம் முன்பே அளவைச் சொல்லி, விலைக்கு ஒரு உச்சவரம்பும் பேசி வையுங்கள். அதற்கு மேல் போனால் சடையில் மல்லிகைக்குப் பதில் சம்பங்கி, ரோஜா வைத்துக் கட்டச் சொல்லலாம் என்பதை மேக்கப் செய்பவரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.