காலை நேரத்தில் மட்டும் நெட்வொர்க் திணறுவது ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 8 சிஸ்கோ சுவிட்சுகள். தினமும் காலையில் எல்லோரும் கம்ப்யூட்டரை ஆன் செய்யும் நேரத்தில் நெட்வொர்க் திணறுகிறது. ஸ்பானிங் ட்ரீயில் (சுவிட்சுகளுக்கிடையே ஃபிரேம்கள் சுற்றிச் சுற்றி வரும் லூப்பைத் தடுக்கும் முறை) டோபாலஜி சேஞ்ச் (இணைப்பு அமைப்பில் மாற்றம்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் கேபிள் எதையும் யாரும் தொடவில்லை. அதன் வேகமான வடிவமான ராபிட் ஸ்பானிங் ட்ரீக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: கேபிளைத் தொடாமலே டோபாலஜி மாறும். ஒரு போர்ட் ஃபார்வர்டிங் (தரவைக் கடத்தும்) நிலைக்கு வந்தாலும், அதிலிருந்து விழுந்தாலும், பழைய 802.1டி ஸ்பானிங் ட்ரீ முறையில் அது மாற்றம்தான். மறுமுனையில் இருப்பது இன்னொரு சுவிட்சா, கணக்குப் பிரிவுக் கம்ப்யூட்டரா என்பது நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

மாற்றத்தைக் கண்ட சுவிட்ச், டி.சி.என். என்ற 4 பைட் தகவலை ரூட் போர்ட் (தலைமைச் சுவிட்சான ரூட்டை நோக்கிய போர்ட்) வழியாக மேலே அனுப்பும். மேலே உள்ள சுவிட்ச் தன் பி.பி.டி.யு.வில் (சுவிட்சுகள் தமக்குள் அனுப்பும் ஸ்பானிங் ட்ரீ செய்தி) டி.சி.ஏ. பிட்டைப் போட்டு ‘கிடைத்தது’ என்று ஒப்புக்கொள்ளும்வரை 2 விநாடிக்கு ஒருமுறை விடாமல் அனுப்பும். இப்படிப் படிப்படியாக ஏறி ரூட் சுவிட்சை அடைந்ததும், ரூட் தன் பி.பி.டி.யு.க்களில் ‘மாற்றம் உண்டு’ என்று காட்டும் டி.சி. பிட்டை 35 விநாடி வைத்திருக்கும் (மேக்ஸ் ஏஜ் 20, ஃபார்வர்ட் டிலே 15 என்ற இரு டைமர்களின் கூட்டுத்தொகை). அதைப் பார்க்கும் சுவிட்சுகள் எல்லாம் மேக் டேபிளில் (எந்தக் கருவியின் முகவரி எந்தப் போர்ட்டில் என்ற பட்டியல்) உள்ள பதிவுகளின் ஆயுளை 300 விநாடியிலிருந்து 15 ஆகக் குறைத்துக்கொள்ளும்.

சிக்கல் இங்கேதான். அடிக்கடி பேசும் கம்ப்யூட்டரின் முகவரி 15 விநாடியிலும் அழியாது. வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கும் கருவி, உதாரணமாக மற்ற கருவிகளின் பதிவுச் செய்திகளைச் சேகரிக்கும் சிஸ்லாக் சர்வர், வாய் திறப்பதே அபூர்வம். அதன் முகவரி அழிந்துவிட்டால், அதற்குப் போகவேண்டிய ஃபிரேம்களை (தரவுப் பொதிகளை) சுவிட்ச் அந்த வி.லேனின் (நெட்வொர்க்கைப் பிரித்த தனிப் பகுதி) எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டும். காலையில் 35 விநாடி முடிவதற்குள் அடுத்த கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது. கெடு மறுபடி முதலிலிருந்து.

உறுதிசெய்ய, திணறும் நேரத்தில் ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ’ கொடுங்கள். ஏஜிங் டைம் 15 என்று காட்டினால் இதுதான் காரணம். பிறகு ரூட் சுவிட்சில் ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீட்டெயில்’. ஒவ்வொரு வி.லேனுக்கும் எத்தனை மாற்றம், கடைசியாக எப்போது, எந்தப் போர்ட்டிலிருந்து என்று வரும். அந்தப் போர்ட்டின் மறுமுனை சுவிட்சுக்குப் போய் அதே கட்டளையைக் கொடுங்கள். இறங்கிக்கொண்டே போனால் ஒரு கம்ப்யூட்டர் போர்ட்டில் முட்டி நிற்பீர்கள்.

கம்ப்யூட்டர், பிரிண்டர் போர்ட்டுகளில் ‘ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்’ போடுங்கள். மறுமுனையில் சுவிட்ச் இல்லை என்று நாம் சொல்வது இப்படித்தான். அந்தப் போர்ட் எழுந்தாலும் விழுந்தாலும் டி.சி.என். கிளம்பாது, கம்ப்யூட்டருக்கும் 30 விநாடிக் காத்திருப்பு மிச்சம். கூடவே ‘பி.பி.டி.யு. கார்ட்’ கட்டாயம். யாராவது மேசைக்கடியில் ஒரு சுவிட்சைச் செருகி, அதிலிருந்து பி.பி.டி.யு. வந்தால் போர்ட் எர்ர்-டிஸேபிள் ஆகி முடங்கிவிடும். அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு ‘ஷட்’, ‘நோ ஷட்’ கொடுத்தால் மீளும். சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளில் மட்டும் போர்ட்ஃபாஸ்ட் வேண்டவே வேண்டாம். தற்காலிக லூப்புக்கு நீங்களே வழிவிட்டதாகும்.

ராபிட் ஸ்பானிங் ட்ரீயில் லிங்க் விழுவது மாற்றமாகக் கணக்கில் வராது. எட்ஜ் (போர்ட்ஃபாஸ்ட் போட்ட) அல்லாத போர்ட் ஃபார்வர்டிங்குக்கு வந்தால் மட்டுமே மாற்றம். ரூட்டுக்குச் சொல்லிக் காத்திருப்பதும் இல்லை. கண்ட சுவிட்சே டி.சி. பிட்டுடன் எல்லாத் திசையிலும் பரப்பும். பெறும் சுவிட்ச், செய்தி வந்த போர்ட்டையும் எட்ஜ் போர்ட்டுகளையும் தவிர மற்றவற்றில் கற்ற முகவரிகளை அப்போதே துடைத்துவிடும். அதனால் மாறுவது நல்லதுதான், ஆனால் போர்ட்ஃபாஸ்ட் இல்லாமல் மாறினால் ஒவ்வொரு கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதும் டேபிள் காலியாகும். முதலில் போர்ட்ஃபாஸ்ட், பிறகு ராபிட்.