பாதியில் நின்ற கோடைக்காலக் கைவினை வகுப்பு: கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: நான் தேவகோட்டையில் வசிக்கிறேன். வயது 67. பெங்களூரில் இருக்கும் என் மகனின் மகள், 13 வயதுப் பேத்தி, மே மாத விடுமுறைக்கு வந்திருந்தபோது, காரைக்குடிப் பக்கத்தில் உள்ள ஒரு கைவினைப் பயிற்சிப் பள்ளியின் 4 வாரக் கோடைக்கால வகுப்பில் அவளைச் சேர்த்தேன். வாரத்துக்கு 6 நாள். கட்டணம் 15,000 ரூபாய், பொருட்களுக்கு 3,000 ரூபாய். முதல் 2 வாரம் கொட்டான் (பனையோலைக் கூடை) முடைதல், 3-ஆம் வாரம் ஆத்தங்குடிப் பூக்கல் (வண்ணத் தரைக்கல்) செய்தல், 4-ஆம் வாரம் மரச் செதுக்கு வேலை என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். கொட்டான் வகுப்பு நன்றாகவே நடந்தது. பூக்கல் வாரத்தில் ஒரே ஒரு நாள் பட்டறைக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். மற்ற நாட்களில் வகுப்பே இல்லை. மர வேலை சொல்லித்தர வேண்டிய ஆசாரி கோயில் வேலைக்குப் போய்விட்டார் என்று 4-ஆம் வாரத்தை ரத்து செய்தார்கள். பணத்தைக் கேட்டால், ‘செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்ற படிவத்தில் நான் இட்ட கையெழுத்தைக் காட்டுகிறார்கள். அடுத்த கோடையில் ஈடுசெய்கிறோம் என்கிறார்கள். பேத்தி முடைந்த 11 கொட்டான்களையும் விற்பனைக்கு வைத்துக்கொண்டார்கள். மகன் ‘விட்டுவிடுங்கள் ஆத்தா’ என்கிறான். என் அப்பத்தா முடைந்த கொட்டான் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. எனக்கு முடையத் தெரியாது, பேத்தியாவது கற்கட்டும் என்றுதான் சேர்த்தேன். சட்டப்படி வழி உண்டா?

பதில்:

ஆச்சி அவர்களுக்கு, வழி உண்டு. ஆனால் 18,000 ரூபாயையும் கேட்கும் வழி இல்லை. நடக்காத வகுப்புகளுக்கான தொகையைக் கேட்கும் வழியே உங்களுக்கு இருக்கிறது. கொட்டான் வகுப்பு நன்றாக நடந்தது என்று நீங்களே எழுதியிருப்பது உங்கள் வழக்குக்குப் பலம். நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொள்பவர் நடக்காததைப் பற்றிச் சொல்லும்போது நுகர்வோர் ஆணையம் நம்பிக் கேட்கும்.

முதலில், உங்களை அச்சுறுத்தும் அந்த ஒற்றை வரியைப் பார்ப்போம். சேர்ந்த மாணவர் தாமாக விலகிக்கொண்டால், அவருக்காக ஒதுக்கிய இடமும் வாங்கிய ஓலையும் வீணாகும் என்பதால், கட்டணத்தைத் திருப்பித் தர முடியாது என்று ஒரு நிறுவனம் நிபந்தனை விதிப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அப்போதுகூட, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. இழப்பே ஏற்படாத ஒருவர் அந்தப் பிரிவின் பெயரால் பணத்தைப் பறிமுதல் செய்ய இயலாது என்பதை டெல்லி வளர்ச்சி ஆணையம் எதிர்த்தரப்பாக இருந்த ஒரு வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் விஷயத்திலோ விலகியவர் நீங்கள் இல்லை. வாக்களித்த பாடத்தை நடத்தாமல் விட்டது அவர்கள். தன் கடமையைத் தானே செய்யாதவர், மற்றவரின் விலகலுக்காக எழுதிவைத்த நிபந்தனையின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

ஆசாரி கோயில் திருப்பணிக்குப் போய்விட்டார் என்பதும் சட்டத்தின் கண்ணில் போதுமான சமாதானம் ஆகாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது முடியாத காரியமாகிப்போனால் அது செல்லாததாகிவிடும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு சொல்வது உண்மையே. ஆனால் ஓர் ஆசாரி கிடைக்காதது முடியாத காரியம் ஆகாது. தச்சுத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழும் இந்த வட்டாரத்தில் இன்னொருவரைத் தேடியிருக்கலாம். அப்படியே ஒப்பந்தம் முறிந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதன்கீழ்ப் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று 65-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, அவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பணம் உங்களிடம்தான் வந்து நிற்கிறது.

‘அடுத்த கோடையில் ஈடுசெய்கிறோம்’ என்ற பேச்சைத்தான் நீங்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். கோடைக்கால வகுப்பில் காலம்தான் உயிர்நாடி. பெங்களூரில் படிக்கும் பெண்ணுக்கு விடுமுறை முடிந்த பின் காரைக்குடியில் வகுப்பு இருந்தும் பயனில்லை. குறித்த காலத்தில் செய்தே ஆக வேண்டிய ஒன்றை ஒருவர் செய்யத் தவறினால், ஒப்பந்தத்தின் அந்தப் பகுதியை விலக்கிக்கொள்ளும் உரிமையை 55-ஆம் பிரிவு மற்றவருக்குத் தருகிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: காலம் தவறிய பிறகு வேறொரு காலத்தில் செய்வதை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்றுக்கொள்ளும் நேரத்திலேயே இழப்பீடு கேட்கும் எண்ணத்தைத் தெரிவித்திருந்தாலொழிய, பின்னர் தாமதத்துக்காக எதுவும் கேட்க முடியாது. ஆகவே, தொலைபேசியில் மரியாதைக்காகக்கூட ‘சரி, பார்க்கலாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஊர்ப் பேச்சில் அது மறுப்புக்கு மென்மையான சொல். எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அதைச் சம்மதம் என்று எழுதுவார்.

அடுத்து, யார் கேட்பது என்ற கேள்வி. பேத்தி 18 வயது நிறையாதவர் என்பதால் அவர் பெயரில் ஒப்பந்தம் இருக்க முடியாது. படிவத்தில் கையெழுத்திட்டதும் பணம் செலுத்தியதும் நீங்கள். ஒப்பந்தம் உங்களுக்கும் பள்ளிக்கும் இடையிலானது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பணம் கொடுத்துச் சேவையை அமர்த்திக்கொள்பவரும் நுகர்வோர், அவர் ஒப்புதலுடன் அந்தச் சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோர். ஆகவே, மகன் முன்வராவிட்டாலும் நீங்களே புகார்தாரராக இருக்கலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் தொடுக்க 34-ஆம் பிரிவு இடம் தருவதால், சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உங்களுக்குரியது.

இந்த இடத்தில், பலர் சொல்லாமல் விடும் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கல்வி என்பது நுகர்வோர் சட்டத்தின் பொருளில் ‘சேவை’தானா என்பதில் நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு நிலவுகிறது. 2020 ஜனவரி 20 அன்று மனு சோலங்கி வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு, கல்வி நிறுவனங்கள், தொழிற்கல்விப் படிப்புகளும் நீச்சல், விளையாட்டு, சுற்றுலா போன்ற இணைச் செயல்பாடுகளும் உட்பட, நுகர்வோர் சட்டத்துக்குள் வாரா என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பின்பற்றியே, ஒரு பள்ளி 2007-இல் நடத்திய கோடை முகாமில் நீச்சலின்போது மகனைப் பறிகொடுத்த தந்தையின் புகாரும் தள்ளுபடியானது. அவருடைய மேல்முறையீட்டை 2021-இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. கோடை முகாம், தொழிற்கல்வி என்ற இரண்டு சொற்களையும் பிடித்துக்கொண்டு, உங்கள் புகார் நிற்காது என்று பள்ளியின் வழக்குரைஞர் நிச்சயம் வாதிடுவார்.

அதற்குப் பதில் அதே 2020 தீர்ப்பிலேயே இருக்கிறது. பயிற்சி மையங்களை, அதாவது நாம் கோச்சிங் சென்டர் என்று சொல்பவற்றை, அந்த அமர்வு விலக்கிலிருந்து வெளியே நிறுத்தியது. எந்த ஒழுங்குமுறை அமைப்பின் கட்டுப்பாட்டிலும் இல்லாத, பட்டமோ பட்டயமோ வழங்காத அவற்றைப் பள்ளி, கல்லூரிகளுக்கு ஈடாகக் கருத முடியாது என்பதே அதற்குச் சொன்ன காரணம். விடுமுறையில் 4 வாரம் கட்டணம் வாங்கிக்கொண்டு கொட்டானும் பூக்கல்லும் சொல்லித்தரும் இடம், பெயரில் ‘பள்ளி’ என்று இருந்தாலும், இந்த இலக்கணத்துக்குத்தான் பொருந்துகிறது. என் கருத்தில் உங்கள் புகார் நிற்கும். ஆனால் புகார் மனுவில் ‘கல்வி’, ‘படிப்பு’, ‘தொழிற்கல்வி’ ஆகிய சொற்களைத் தவிர்த்து, ‘கட்டணப் பயிற்சி வகுப்பு’ என்றே எழுதுங்கள்; அந்த இடம் எந்தக் கல்வி வாரியத்தோடும் பல்கலைக்கழகத்தோடும் இணைக்கப்பட்டதில்லை என்பதை விசாரித்து அறிந்து முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். ஏதாவது அரசு அங்கீகாரம் பெற்ற பட்டயப் படிப்பை அவர்கள் நடத்தி வந்தால் நிலைமை மாறும். அப்போது நுகர்வோர் ஆணையத்தைவிட உரிமையியல் நீதிமன்றமே பாதுகாப்பான இடம். அங்கே 3 ஆண்டு வரை கால அவகாசம் உண்டு. ஆணையத்துக்கோ 2 ஆண்டுதான்.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டுதல்கள், பாதியில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாளில் தர வேண்டும் என்று சொல்வதை எங்காவது படித்துவிட்டு அதை மேற்கோள் காட்ட வேண்டாம். அந்த வழிகாட்டுதல்கள் 50 மாணவர்களுக்கு மேல் உள்ள மையங்களுக்கானவை. விளையாட்டு, நடனம், நாடகம் போன்ற படைப்புச் செயல்பாடுகளை வெளிப்படையாகவே விலக்கி வைத்தவை. கைவினை வகுப்பு அதில் அடங்காது.

எவ்வளவு கேட்கலாம்? 15,000 ரூபாயை 24 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 625 ரூபாய். பட்டறைக்கு அழைத்துப்போன ஒரு நாளைக் கழித்தால், நடக்காதவை 11 நாள். அதற்கு 6,875 ரூபாய். (கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பைத் தன் கையால் ஊற்றிப் பார்க்காத வரையில் அதைப் ‘பூக்கல் செய்தல்’ என்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம், ஆனாலும் அந்த ஒரு நாளுக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.) பொருட்களுக்கான 3,000 ரூபாயில் பாதியைக் கேளுங்கள். ஓலைக்கும் சாயத்துக்குமே முழுத் தொகையும் செலவாகிவிட்டது என்றால் அவர்கள் கணக்கைக் காட்டட்டும். ஆக 8,375 ரூபாய். மன உளைச்சலுக்கு ஒரு சிறு தொகையும் வழக்குச் செலவும் சேர்க்கலாம். லட்சக்கணக்கில் எழுதிக் கேட்பவரின் மனுவை யாரும் அக்கறையோடு படிப்பதில்லை.

இனி 11 கொட்டான்கள். ஓலைக்குப் பணம் உங்களுடையது, உழைப்பு பேத்தியுடையது. செய்த பொருள் பள்ளிக்குச் சேரும் என்று படிவத்தில் வரி இல்லாவிட்டால் அவை உங்கள் பொருட்களே. அவற்றையோ, விற்றுவிட்டிருந்தால் விற்ற தொகையையோ கேளுங்கள். இதைக் குழந்தைத் தொழிலாளர் விவகாரமாக எழுதலாமா என்று உங்களுக்கு யாராவது யோசனை சொல்லக்கூடும். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்டம் முழுமையாகத் தடை செய்திருப்பதும், குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கான விலக்கு இப்படிப்பட்ட இடங்களுக்குப் பொருந்தாது என்பதும் உண்மைதான். வெளியிலிருந்து வந்த ஆர்டருக்காகப் பிள்ளைகளை உட்கார வைத்து முடையச் சொன்னார்கள் என்று பேத்தி சொன்னால் அது வேறு விஷயம். பழகும்போது முடைந்தவற்றை அலமாரியில் வைத்தார்கள் என்பதோடு நின்றால், அந்தக் குற்றச்சாட்டைப் பள்ளிக்கு அனுப்பும் கடிதத்தில் எழுதுவது மிகையாகும். உங்கள் நியாயமான கோரிக்கையையும் அது கெடுத்துவிடும்.

நடைமுறைக்கு வருகிறேன். முதலில் உங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள். வழக்குரைஞர் அறிவிப்புத்தான் வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நடந்த நாட்கள், நடக்காத நாட்கள், கேட்கும் தொகை, அடுத்த கோடைக்கு ஒத்திவைப்பதில் சம்மதம் இல்லை என்பது ஆகியவற்றோடு 30 நாள் அவகாசம் கொடுங்கள். குறைபாடுள்ள சேவைக்குப் பெற்ற தொகையை, ரசீதில் காலவரையறை இல்லாவிட்டால், 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதை நுகர்வோர் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வரையறுத்திருப்பதால் அந்த எண்ணைச் சொல்கிறேன். சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள். பணத்தைத் தனிநபர் ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பியிருந்தால், பள்ளியோடு அவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்க்க வேண்டும். அச்சிட்ட தாள், படிவத்தின் நகல், ரசீது, வகுப்பு ரத்து என்று வந்த வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். செய்தியின் நகலை மட்டும் கொடுத்தால் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும் என்பதால், செய்தி வந்த கைப்பேசியை மாற்றிவிட வேண்டாம்.

30 நாளில் பதில் வராவிட்டால், நேரே சிவகங்கைக்குப் போவதற்கு முன் உங்கள் ஊரில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உரிமை தருகிறது. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசி லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துவைப்பார்கள். அங்கே எழுதப்படும் உடன்பாட்டுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது. 8,375 ரூபாய்க்கான தகராறுக்கு இதுவே பொருத்தமான இடம் என்பேன்.

அங்கும் அவர்கள் வராவிட்டால் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். வழக்குரைஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். காணொலி வழியே விசாரிக்கும்படி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நீளும். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று அந்த வரியையே செல்லாததாக அறிவிக்கக் கோராதீர்கள். அந்த அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்குத்தான் உண்டு, அப்படி எழுதினால் மனு மாவட்டத்திலிருந்து திரும்பி வரும். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மகனிடம், நீ பெங்களூரிலிருந்து வர வேண்டியதில்லை, பேத்தியின் வகுப்பு நாட்களைத் தேதிவாரியாக அவளையே ஒரு தாளில் எழுதச் சொல்லி அனுப்பினால் போதும் என்று சொல்லுங்கள். நினைவு மங்குவதற்குள் அது வந்து சேர வேண்டும்.