கேளுங்கள், சொல்கிறேன்: சிகாகோவில் கட்டடம் பார்க்க

கே: மகன் சிகாகோவில் இருக்கிறான். ஜூனில் நானும் கணவரும் போகிறோம். அவனுக்கு லீவு கிடைக்காதாம். அங்கே ஊர்க்காரர்களே இலவசமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள் என்கிறார்கள். நம்பிப் போகலாமா?
— வாசகி, நங்கநல்லூர்

ப: தாராளமாகப் போகலாம். 'சிகாகோ க்ரீட்டர்' என்று பெயர். அந்த ஊரில் குடியிருப்பவர்கள், ஊர்மேல் உள்ள பிரியத்தில் செய்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்யும்போது எந்தப் பகுதி, எதில் ஆர்வம், என்ன மொழி என்று கேட்பார்கள். 'லூப்' (நகரின் மையப் பகுதி), 'கட்டடக்கலை' என்று குறியுங்கள். ஒரு குழுவில் ஆறு பேர் வரை சேரலாம். இரண்டு மணி முதல் நான்கு மணி நேரம் வரை, நடந்தும் ரயிலிலும். தேதி முடிவானதும் பதிவு செய்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் ஆள் கிடைக்காது.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுபதைத் தாண்டியவர், ஆனால் அவர் நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. பார்த்ததும் முதலில் கேட்டது, "நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" பொதுப்பணித் துறையில் இன்ஜினீயர் என்றேன். கையிலிருந்த வரைபடத்தை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, "அப்படியானால் அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பிப்போம்" என்றார். காசு கொடுத்துப் போகிற பஸ் டூரில் இது நடக்காது. அதனால் படிவத்தில் உங்களைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். கணவர் பாங்கில் இருந்தவரா, நீங்கள் கோலம் போடுபவரா, எதுவானாலும் சரி.

கோலக்காரர் என்றால் கல்ச்சுரல் சென்டரில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 1897இல் பொது நூலகமாகக் கட்டியது. மாடிப்படி, சுவர் எல்லாம் மொசைக். மேலே டிஃபனி கண்ணாடிக் குவிமாடம்: 38 அடி விட்டம், சுமார் 30,000 கண்ணாடித் துண்டுகள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

கே: டிப்ஸ் எவ்வளவு கொடுக்க வேண்டும்?
— வாசகர், ஓசூர்

ப: வாங்க மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள், அவர்களுக்குச் சங்கடம். எங்கள் ஆசிரியை ஒரு காபிக்கு மட்டும் சம்மதித்தார்.

கே: சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறேன். சிகாகோவில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?
— மாணவர், கோவை

ப: மொனாட்நாக். ஜாக்சன், டியர்பார்ன் தெருக்கள் சந்திக்கும் மூலையில் பழுப்பு நிறத்தில் நிற்கும். போட்டோவில் ஒன்றும் தெரியாது. நேரில் போய் நிற்க வேண்டும்.

வடக்குப் பாதி 1891இல் முடிந்தது, பர்ன்ஹாம் அண்ட் ரூட் செய்தது. பதினாறு மாடி, வெளிச் சுவர்தான் பாரத்தைச் சுமக்கிறது, முழுக்கச் செங்கல். தெற்குப் பாதி 1893இல் ஹோலபேர்ட் அண்ட் ரோச் கைவண்ணம், எஃகுச் சட்டம். இரண்டு வருஷத்தில் கட்டும் முறையே மாறிவிட்டது. அது இந்த ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது. எங்கள் ஆசிரியை என்னைத் தெருவின் எதிர்ப்பக்கம் நிறுத்தி, "எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், கண்டுபிடியுங்கள்" என்றார். அப்புறம் வடக்குப் பக்கம் கூட்டிப் போய், தரைமட்டச் சுவரில் கையை வைக்கச் சொன்னார். அடியில் ஆறு அடி கனம்! ஜன்னல் ஒவ்வொன்றும் குகைக்குள் இருப்பதுபோல உள்ளடங்கி இருக்கிறது. சுவர் தரைக்கு வரும் இடத்தில் மெல்ல வெளியே வளைகிறது. அழகுக்கு என்று அங்கே செய்திருப்பது கிட்டத்தட்ட அந்த வளைவு மட்டும்தான். பணம் போட்ட பாஸ்டன்காரர் புரூக்ஸ், துருத்திக்கொண்டிருக்கும் வேலைப்பாடெல்லாம் வேண்டாம், அழுக்கு சேரும், புறாவும் குருவியும் வந்து உட்காரும் என்று எழுதியவர். கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு நல்ல பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை.

இனி மண். சிகாகோ களிமண் நம் வேளச்சேரிக்காரர்களுக்குப் புரியும். பாறை வெகு ஆழத்தில் இருக்கிறது. அதனால் எஃகையும் கான்கிரீட்டையும் சேர்த்து அகலமான பாதம் போட்டு, கட்டடத்தை மண்ணின் மேல் மிதக்கவிட்டார்கள். எட்டு அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதையும் தாண்டி இறங்கியது. ஆனாலும் இன்றைக்கும் ஆபீஸ்கள் நடக்கின்றன. கீழ்த்தளத்தில் கட்டடத்துக்குள் இருக்கும் நடைவழியில் போய்ப் பாருங்கள், அலுமினியப் படிக்கட்டு இருக்கும். கட்டட வேலையில் அலுமினியம் அப்போது புதுசு.

உலகத்தின் முதல் வானளாவி என்று உங்கள் பாடப் புத்தகம் சொல்லும் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் (1885) எங்கே என்று தேடாதீர்கள். 1931இல் இடித்துவிட்டார்கள்.

கே: வில்லிஸ் டவர் உச்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்க வேண்டுமென்று பேரன் அடம் பிடிக்கிறான். டிக்கெட் விலைக்குத் தகுமா?
— வாசகர், திருச்சி

ப: பேரனுக்குத் தகும். உங்களுக்கு நான் சொல்வது, ஏறுவதற்கு முன் கொஞ்சம் தள்ளி நின்று ஒன்பது சதுரக் குழாய்களை எண்ணுங்கள். ஊதுபத்திக் கட்டு போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு காற்றைத் தாங்குகின்றன. இரண்டு 50ஆம் மாடியோடு நின்றுவிடும், இரண்டு 66இல், மூன்று 90இல். மிச்சம் இரண்டுதான் உச்சிக்குப் போகும். மொத்தம் 1,451 அடி. இந்த யோசனை டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்ற இன்ஜினீயருடையது. வெளியே எக்ஸ் எக்ஸாகக் குறுக்குச் சட்டம் தெரியும் கட்டடத்துக்கும் (2018 வரை ஜான் ஹான்காக் சென்டர் என்று பெயர்) இன்ஜினீயர் அவர்தான். பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

கே: எனக்கு முட்டி வலி. இரண்டு மணி நேரம் நடக்க முடியாது.
— வாசகி, தஞ்சாவூர்

ப: படகில் போங்கள். சிகாகோ ஆர்க்கிடெக்சர் சென்டர் நடத்தும் ஆற்றுச் சவாரி 90 நிமிடம். டிக்கெட் உண்டு, மலிவில்லை. ஆனால் மைக்கில் பேசுகிறவர் அங்கேயும் தன்னார்வலர்தான், பயிற்சி எடுத்தவர். மரீனா சிட்டி இரட்டைக் கோபுரம் வரும்போது கீழ் 19 மாடியைப் பாருங்கள், முழுக்கக் கார் நிறுத்தம். சுவரே இல்லாமல் காரெல்லாம் ஓரத்தில் நிற்கும். எனக்கு அடிவயிறு கலங்கியது. மேல்தளத்தில் வெயில் அடிக்கும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: விவேகானந்தர் பேசிய இடம் இன்னும் இருக்கிறதா?
— வாசகர், ராமநாதபுரம்

ப: இருக்கிறது. மிச்சிகன் அவென்யூவில் ஆர்ட் இன்ஸ்டிடியூட். 1893 செப்டம்பர் 11 அன்று அவர் பேசிய பெரிய மண்டபம் தற்காலிகமாக அமைத்தது, இப்போது இல்லை. கட்டடம் அதேதான். வாசலில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் 1894இல் வந்தவை, ஆகவே அவர் பேசிய அன்று இல்லை. அந்தச் சாலையில் அவர் பெயர் போட்ட பலகையும் உண்டு. சென்னையில் அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக ஏறி வசூலித்த பணமும் அந்தப் பயணத்தில் இருக்கிறது என்று உங்கள் க்ரீட்டரிடம் சொல்லுங்கள். எங்கள் ஆசிரியை கேட்டதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.