யூத மதத்துல காம இச்சைய எப்படி சமாளிக்கச் சொல்றாங்க?

ஆசையே பாவம்னு ஒதுக்குறாங்களான்னு கேட்டிருந்தீங்க. இல்லங்க. அதுக்கு அவங்க வச்ச பேரு யேட்ஸர் ஹாரா, கெட்ட உந்துதல்னு சொல்லலாம், ஆனா அது இல்லேன்னா எவனும் வீடு கட்டமாட்டான், கல்யாணமும் பண்ணமாட்டான்னு பழைய ரபிகளே, அதாவது யூத மத குருமாரே, சொல்லிருக்காங்க.

தால்முத்துல, அதாவது அந்த ரபிகளோட பேச்சும் சட்டமும் அடங்கின பழைய நூல்ல, ஒரு கதை வரும், எனக்கு ரொம்ப புடிச்சது. பாபிலோன்ல நெஹர்தேயான்னு ஒரு ஊரு, அங்க சிறைமீட்ட பொண்ணுங்கள ராவ் அம்ராம்ங்கிற பக்திமான் வீட்டு மாடில தங்க வச்சுட்டு ஏணிய எடுத்துடுறாங்க. மேல ஒருத்தி நடக்குறப்ப வெளிச்சம் விழுது, மனுஷன் பத்து பேரு தூக்க முடியாத ஏணிய ஒத்தையா தூக்கிப் போட்டு ஏற ஆரம்பிச்சுடுறாரு! பாதில நின்னு, ஆளுங்க ஓடிவந்தா தன்ன தடுக்கலாம்னு "அம்ராம் வீட்ல தீ"ன்னு கத்துறாரு. ஓடிவந்த ரபிகள் "மானத்த வாங்கிட்டியே"ங்கிறாங்க. மறுமைல அசிங்கப்படுறதுக்கு இங்கயே படுறது மேல்ங்கிறாரு.

அவ்ளோ பெரிய ஆளுக்கே அப்படின்னா நமக்கு? அதான் மன உறுதிய மட்டும் நம்பாம, ஒருத்தருக்கொருத்தர் புருஷன் பொண்டாட்டியா இல்லாத ஆணும் பொண்ணும் பூட்டின ரூம்ல தனியா இருக்கக்கூடாதுன்னு யிஹூத் சட்டமே வச்சிருக்காங்க. அதுக்கும் மேல தோரா (யூத வேதம்) படிப்புதான் மருந்து, உந்துதல் வந்தா அதயும் படிப்பு மடத்துக்கே இழுத்துட்டுப் போன்னு சொல்றாங்க. துணி ஓரத்துல தொங்குற ட்ஸிட்ஸித் குஞ்சமும் கண்ணு போற பக்கமெல்லாம் போகாதேன்னு ஞாபகப்படுத்தத்தான்.