நேற்றைய அணுவின் கவிச்சி

கேள்வி: ருபீடியம் அணுக்களைக் குளிரவைத்து, வெற்றிடத்தில் அந்தரத்தில் நிறுத்தி, லேசரால் கிளர்த்தி ஆராய்கிறார்களாம். எதையும் தொடாமல் நிற்கும் அணுவைப் பக்கத்தில் இருக்கும் சிப் (மின்சுற்று பொறித்த சிறு தகடு) எப்படித் தொந்தரவு செய்யும்?
- கல்லூரி மாணவி, காசிமேடு

பதில்: உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஐஸ் பெட்டியை எத்தனை தடவை கழுவிக் கவிழ்த்தாலும், நேற்றைய மத்தியின் கவிச்சி இன்றைய மீனில் ஏறிவிடுகிறதே, ஏறக்குறைய அதே கதைதான். தண்டையார்பேட்டையில் முப்பது வருடம் இயற்பியல் பாடம் நடத்தியும் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் அணுவைப் பார்ப்போம். வெளி எலக்ட்ரானை 100-வது ஆற்றல் நிலைக்கு ஏற்றினால் அது கருவை விட்டு அரை மைக்ரான் தள்ளிப் போய்விடும். அணு ஒரு பாக்டீரியா அளவுக்கு ஊதிவிடுகிறது. ரிட்பெர்க் அணு என்பது இதைத்தான். கருவின் பிடி தளர்ந்துவிட்டதால் துளி மின்புலம் பட்டாலும் இழுபடும். இந்த இழுபடும் குணம் நிலை எண்ணின் ஏழாம் அடுக்காக ஏறும். 10-வது நிலையிலிருந்து 100-க்கு வந்தால் ஒரு கோடி மடங்கு! (இதைக் கரும்பலகையில் எழுதினால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.) இழுபட்டதும் அதன் ஆற்றல் நிலை நகர்ந்துவிடும், லேசர் குறி தப்பும்.

சரி, அந்த மின்புலம் எங்கிருந்து வருகிறது? பிடியில் சிக்காமல் நழுவிய ருபீடியம் அணுக்கள் சிப்பின் தங்கப் பூச்சில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய அணு தன் எலக்ட்ரானில் ஒரு பங்கை உலோகத்துக்குத் தாரை வார்க்கிறது. மேலே நேர், கீழே எதிர் என்று ஒவ்வொன்றும் ஒரு குட்டி மின் இருமுனை ஆகிவிடும். சோதனை ஓட ஓடப் படிவும் கூடும். நேற்று அளந்த மின்புலம் இன்றைக்குச் செல்லாது.

இதில் ஒரு வேடிக்கை: பரப்பு முழுக்க ஒரே சீராகப் படிந்தால் வெளியே மின்புலம் ஏறக்குறைய இருக்காது. தொல்லை எல்லாம் திட்டுகளாலும் ஓரங்களாலும்தான். அதனால் சிலர் துடைப்பதை விட்டுவிட்டு, வேண்டுமென்றே ருபீடியத்தை இன்னும் பூசிவிடுகிறார்கள்! எனக்குப் பிடித்த வைத்தியம் இதுதான். மற்றவர்கள் சூடேற்றியோ ஒளி பாய்ச்சியோ ஒட்டியதைக் கிளப்புவார்கள். மின்முனைகளால் எதிர்ப்புலம் கொடுத்துச் சரிக்கட்டுவதும் உண்டு.

சிப்பையே குளிரவைத்தால் என்ன என்று அடுத்த கேள்வி கேட்பீர்கள். குளிர்ந்த பரப்பில் ஒட்டிய அணு அவ்வளவு லேசில் கிளம்பாது.